படம் போட்டால் பாஸ்: முதல் செமஸ்டர் பன்மாறி கால்குலஸ், ஒரு மதிப்பீடு

சேலம் வட்டாரத்தில் பொறியியல் படிக்கிற யாரைக் கேட்டாலும் முதல் செமஸ்டர் கணக்குத் தாளை 'எம் ஒன்' என்றுதான் சொல்வார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் அதன் முழுப்பெயர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்', எண் எம்.ஏ.3151. 4 கிரெடிட், 60 பீரியட், 5 யூனிட். யூனிட்டுக்கு 9 பீரியட் பாடம், 3 பீரியட் டுடோரியல். இதில் மூன்றாம் யூனிட்டும் ஐந்தாம் யூனிட்டும்தான் பன்மாறி கால்குலஸ். ஒரே மாறியோடு நிற்காமல் எக்ஸ், ஒய், சில சமயம் இசட்டும் சேர்ந்து வருகிற பகுதி. இந்த மதிப்பீடு அந்த இரண்டு யூனிட்டுக்கு மட்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் தாள் எண்ணும் யூனிட் வரிசையும் மாறும். வேறு ஒழுங்குமுறையில் சேர்ந்தவர்களுக்கும் அப்படியே. உள்ளே இருக்கிற கணக்கு மாறாது.

தேர்வு 3 மணி நேரம், 100 மார்க். இரண்டு மார்க் கேள்வி 10, பதினாறு மார்க் கேள்வி 5. பதினாறில் 'அல்லது' உண்டு. யூனிட்டுக்கு இரண்டு சின்னது, ஒரு பெரியது என்று வருவதால் இந்த இரண்டு யூனிட்டில் மட்டும் 40 மார்க் இருக்கிறது. 24 பீரியட் பாடத்துக்கு இது மோசமில்லாத விலை. ஆனால் மூன்றாம் யூனிட்டில் மார்க் அள்ளுகிறவர்களே ஐந்தாம் யூனிட்டில் கோட்டை விடுகிறார்கள். எனவே நட்சத்திரமும் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்: மூன்றாம் யூனிட்டுக்கு 5க்கு 4, ஐந்தாம் யூனிட்டுக்கு இரண்டரை. பாடத்தில் குறை கொஞ்சம்தான். படம் போடாமல் நடத்துவதும் படம் போடாமல் படிப்பதும்தான் மீதி ஒன்றரையைத் தின்கிறது.

உள்ளே நுழையும்போது கையில் என்ன இருக்க வேண்டும்? தமிழ்நாடு பாடத்திட்டத்தில் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. வகையீடுகள், பகுதி வகைக்கெழுக்கள் என்று ஒரு முழுப் பாடமே அங்கே உண்டு. சமபடித்தான சார்பு, ஆய்லர் தேற்றம் எல்லாம் அதில் வந்தவைதான். தமிழ் வழியில் படித்தவர்கள் முதல் இரண்டு வாரம் திணறுவதற்குக் கணக்கு காரணமில்லை, பெயர்தான் காரணம். பகுதி வகைக்கெழு என்று பழகியது இங்கே பார்ஷியல் டெரிவேட்டிவ் ஆகிறது. சமபடித்தான சார்பு ஹோமோஜீனியஸ் ஃபங்ஷன் ஆகிறது. தொகையிடல் இன்டக்ரேஷன் ஆகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு முப்பது சொற்களை எதிரெதிரே எழுதிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். அதைவிட முக்கியம், பரவளையம், வட்டம், நேர்க்கோடு மூன்றையும் சமன்பாட்டைப் பார்த்த உடனே கையால் வரைய வர வேண்டும். இது வராதவர்களுக்கு ஐந்தாம் யூனிட் கடைசிவரை இருட்டுத்தான்.

மூன்றாம் யூனிட்டில் ஆய்லர் தேற்றம், டோட்டல் டெரிவேட்டிவ், ஜேகோபியன் (மாறிகளை மாற்றும்போது பரப்பு, கன அளவு எத்தனை மடங்காகிறது என்று சொல்வது) மூன்றும் பழக்கத்தில் வருகிறவை. நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரே ஒரு பொறி மட்டும் சொல்லலாம். எக்ஸ், ஒய்யைப் பொறுத்த பகுதி வகைக்கெழுக்களை முறையே எக்ஸ், ஒய்யால் பெருக்கிக் கூட்டினால் ஹோமோஜீனியஸ் சார்பின் படி மடங்கு அதே சார்பு வரும், ஆய்லர் சொல்வது இதுதான். யு என்பது சைன் இன்வர்ஸ் (எக்ஸ்² + ஒய்²)/(எக்ஸ் + ஒய்) என்று கொடுத்து இந்தக் கூட்டலைக் கேட்டால், யு ஹோமோஜீனியஸ் இல்லை. சைன் யு தான் ஹோமோஜீனியஸ், அதன் படி 1. ஆய்லரை சைன் யு மேல் போட்டு, காஸ் யு வால் வகுத்தால் விடை டேன் யு. யு மேலேயே நேராகப் போட்டு 'விடை யு' என்று எழுதினால் இரண்டு மார்க்கும் போச்சு. கேள்வியில் சைன் இன்வர்ஸ், டேன் இன்வர்ஸ், லாக் எது தெரிந்தாலும் முதலில் அதை இடப்பக்கம் தள்ளிவிட்டுப் பிறகு படியைப் பாருங்கள்.

மேக்ஸிமா மினிமா, அதாவது பெருமம் சிறுமம் கணக்குக்கு வருவோம். எக்ஸ்³ + ஒய்³ − 12எக்ஸ் − 3ஒய் + 20 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸைப் பொறுத்து வகையிட்டால் 3எக்ஸ்² − 12 = 0, எனவே எக்ஸ் 2 அல்லது −2. ஒய்யைப் பொறுத்து 3ஒய்² − 3 = 0, எனவே ஒய் 1 அல்லது −1. பலர் சறுக்குவது இங்கேதான். (2, 1), (−2, −1) என்று ஜோடி சேர்த்து இரண்டு புள்ளியோடு நிறுத்திவிடுவார்கள். எக்ஸும் ஒய்யும் இங்கே ஒன்றையொன்று கட்டுப்படுத்தவில்லை. எனவே புள்ளிகள் நான்கு. இரண்டாம் வகைக்கெழுக்கள்: எக்ஸைப் பொறுத்து இருமுறை வகையிட்டால் ஆர் = 6எக்ஸ், எக்ஸ், ஒய் இரண்டையும் பொறுத்து ஒருமுறை வீதம் எஸ் = 0, ஒய்யைப் பொறுத்து இருமுறை டி = 6ஒய். ஆர்டி − எஸ்² = 36எக்ஸ்ஒய். (2, 1) இல் இது 72, ஆர் 12, இரண்டும் மிகை. சிறுமம், மதிப்பு 2. (−2, −1) இலும் 72 தான், ஆனால் ஆர் −12. பெருமம், மதிப்பு 38. (2, −1), (−2, 1) இரண்டிலும் −72. அவை சேடில் பாயின்ட். விட்டுப்போகிற அந்த இரண்டு புள்ளிகள்தான் எப்போதும் சேடில் பாயின்ட்டாக அமைவது வேடிக்கை.

சேடில் பாயின்ட் என்றால் குதிரைச் சேணம் என்று போர்டில் எழுதுவார்கள். குதிரை ஏறியவர் வகுப்பில் எத்தனை பேர்? தொப்பூர் வழியாகப் போய் வந்தவர்களுக்குக் கணவாய் என்ற சொல் தெரியும், அது போதும். கணவாயில் சாலையோடு ஏறி வருகிறவனுக்கு அந்த இடம்தான் உச்சி, அங்கிருந்து சாலை இறங்கும். அதே இடத்தில் நின்று இரு பக்கமும் பார்த்தால் அதுதான் பள்ளம், இரண்டு பக்கமும் மலை ஏறும். ஒரு திசையில் பெருமம், குறுக்குத் திசையில் சிறுமம். ஆர்டி − எஸ்² குறையாக வருவதற்கு அர்த்தம் இவ்வளவுதான். அது பூஜ்ஜியமாக வந்தால் சோதனை எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். 'பெருமமும் இல்லை சிறுமமும் இல்லை' என்று எழுதுவது தவறு. அக்கம்பக்கத்து மதிப்புகளைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது லக்ராஞ்ச், ஒரு கட்டுப்பாட்டுக்குள் பெருமம் சிறுமம் காணும் முறை. மேல் மூடி இல்லாத, 32 கன அடி கொள்ளும் தகரத் தொட்டிக்கு மிகக் குறைவான தகடு எவ்வளவு? பேப்பரில் திரும்பத் திரும்ப வருகிற கணக்கு இது. தகடு எக்ஸ்ஒய் + 2ஒய்இசட் + 2இசட்எக்ஸ். மூடி இல்லாததால் எக்ஸ்ஒய்க்கு முன்னால் 2 கிடையாது. பழக்கதோஷத்தில் 2 போட்டுவிட்டால் கணக்கு மூடிய பெட்டிக்குப் போய்விடும், விடை கனசதுரமாக வரும். கட்டுப்பாடு எக்ஸ்ஒய்இசட் = 32. எக்ஸ், ஒய், இசட் ஒவ்வொன்றுக்கும் 'தகட்டின் வகைக்கெழு = லாம்டா × கட்டுப்பாட்டின் வகைக்கெழு' என்று எழுதி மூன்று சமன்பாடு வந்ததும் பெரும்பாலானவர்கள் லாம்டாவைக் கண்டுபிடிக்கப் போய் ஒரு பக்கம் முழுக்க வீணாக்குவார்கள். லாம்டா வேண்டியதே இல்லை. முதல் சமன்பாட்டை எக்ஸால், இரண்டாவதை ஒய்யால், மூன்றாவதை இசட்டால் பெருக்குங்கள். வலப்பக்கம் மூன்றிலும் லாம்டா எக்ஸ்ஒய்இசட் என்று ஒன்றாகிவிடும். எனவே இடப்பக்கங்கள் மூன்றும் சமம். முதல் இரண்டிலிருந்து எக்ஸ் = ஒய், அடுத்த இரண்டிலிருந்து ஒய் = 2இசட். கட்டுப்பாட்டில் போட்டால் 4 அடி, 4 அடி, 2 அடி உயரம். தகடு 48 சதுர அடி. அடித்தட்டு 16, நான்கு சுவரும் எட்டெட்டாக 32. ஆறே வரி.

பாடத்திட்டத்தின் மேல் ஒரு நியாயமான குறை இந்த இடத்தில் இருக்கிறது. லக்ராஞ்ச் இருக்கிறது, கிரேடியன்ட் (எந்தத் திசையில் ஏற்றம் மிக அதிகம், எவ்வளவு என்று காட்டும் வெக்டர்) இல்லை. 2017 ஒழுங்குமுறையில் இரண்டாம் செமஸ்டர் கணக்கில் வெக்டர் கால்குலஸ் தனி யூனிட்டாக இருந்தது. 2021இல் அது இந்தப் பக்கத்தை விட்டே போய்விட்டது. கிரேடியன்ட் தெரியாமல் லக்ராஞ்ச் படிப்பது மந்திரம் மனப்பாடம் செய்வது போலத்தான். லாம்டா எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

பதில் ஏற்காடு சாலையில் இருக்கிறது. சேலத்திலிருந்து மேலே போகும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். சேர்வராயன் மலையின் டோபோ ஷீட்டை எடுத்துப் பாருங்கள்: இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு. சேலம் பார்த்த சரிவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேலே ஏரிப் பக்கம் விலகிக் கிடக்கும். கோடு நெருங்கினால் சரிவு அதிகம், கிரேடியன்டின் நீளம் அதிகம். கிரேடியன்டின் திசை எப்போதும் சம உயரக் கோட்டுக்குச் செங்குத்தாக, நேர் மேல் நோக்கி. மலையின் சரிவு 0.4 என்று வைத்துக்கொள்வோம். நேராக 100 மீட்டர் நடந்தால் 40 மீட்டர் ஏற்றம். பஸ் அப்படி ஏறாது. சாலைக்கு 100க்கு 6 போதும் என்றால், சாலையின் திசைக்கும் கிரேடியன்டுக்கும் இடையில் உள்ள கோணத்தின் காஸ் 0.06 / 0.4 = 0.15. கோணம் ஏறத்தாழ 81.4 டிகிரி. அதாவது சாலை கிட்டத்தட்ட சம உயரக் கோட்டோடே போகிறது, எட்டரை டிகிரி மட்டும் மேலே சாய்ந்து. இதுதான் டைரக்ஷனல் டெரிவேட்டிவ், கிரேடியன்டையும் போகிற திசையையும் டாட் போட்டால் வருவது.

வளைவில் என்ன நடக்கிறது? கோணம் ஒரு பக்கம் 81.4இலிருந்து மறுபக்கம் 81.4க்கு மாற வேண்டும். நடுவில் பூஜ்ஜியத்தைத் தாண்டியாக வேண்டும், அதாவது ஒரு கணம் சாலை நேராக மலையைப் பார்க்கிறது. அந்த இடத்தில் சரிவு முழு 0.4. அதனால்தான் கொண்டை ஊசி வளைவில் மட்டும் உள்பக்கம் மலையை வெட்டி, வெளிப்பக்கம் மண் நிரப்பி, சுவர் கட்டி, இயற்கைச் சரிவைக் குறைத்துத் தருகிறார்கள். டிரைவர் கியரைக் குறைப்பதும் அங்கேதான்.

இப்போது லக்ராஞ்ச். ஒரு சாலை மேலே ஏறி உச்சம் தொட்டு இறங்குகிறது என்றால், உச்சம் தொடும் புள்ளியில் சாலை சம உயரக் கோட்டைத் தொட்டுக்கொண்டு போகும். வெட்டிக்கொண்டு போனால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொட்டுக்கொண்டு போனால் இரண்டுக்கும் செங்குத்துத் திசை ஒன்றே. மலையின் கிரேடியன்டும் கட்டுப்பாட்டின் கிரேடியன்டும் ஒரே கோட்டில்; ஒன்று மற்றொன்றின் லாம்டா மடங்கு. பத்து நிமிஷப் பாடம் இது. இதை வகுப்பில் சொல்பவர் கிடைத்தால் அந்த செக்‌ஷனில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஐந்தாம் யூனிட், டபுள் இன்டக்ரல், அதாவது ஒரு பரப்பின் மேல் எக்ஸ், ஒய் இரண்டையும் பொறுத்துத் தொகையிடுவது. செமஸ்டர் முடிகிற நேரத்தில் வருவதால் பல இடங்களில் டுடோரியல் பீரியட் பாடத்துக்கே போய்விடுகிறது. போர்டில் லிமிட் எழுதி, இன்டக்ரேட் செய்து, விடைக்கு அடியில் கோடு போட்டுவிட்டு அடுத்தது. பார்க்கச் சுலபமாக இருக்கும். எதை முதலில், எதை அடுத்து இன்டக்ரேட் செய்வது என்ற ஆர்டரை மாற்றச் சொல்லும்போதுதான் தெரியும்.

ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். எக்ஸ் 0 முதல் 1 வரை, ஒய், எக்ஸ்² முதல் 2 − எக்ஸ் வரை, உள்ளே எக்ஸ்ஒய். ஆர்டர் மாற்றி மதிப்பு காண்க.

முதலில் படம். கீழே ஒய் = எக்ஸ்² பரவளையம், (0, 0) இலிருந்து (1, 1) வரை. மேலே எக்ஸ் + ஒய் = 2 என்ற கோடு, (0, 2) இலிருந்து (1, 1) வரை. இடப்பக்கம் ஒய் அச்சு. மூன்று மூலை உள்ள ஒரு துண்டு. கொடுத்திருக்கிற ஆர்டரில் ஸ்ட்ரிப் (துண்டை நறுக்கும் மெல்லிய பட்டை) நின்றுகொண்டிருக்கிறது: காலடி பரவளையத்தில், தலை கோட்டில். ஆர்டர் மாற்றினால் ஸ்ட்ரிப்பைப் படுக்க வைக்க வேண்டும். படுத்த ஸ்ட்ரிப்பின் இடது முனை எப்போதும் ஒய் அச்சில், எக்ஸ் = 0. வலது முனை? ஒய் 1க்குக் கீழே இருந்தால் பரவளையத்தில் முட்டும், எக்ஸ் = √ஒய். 1க்கு மேலே இருந்தால் கோட்டில் முட்டும், எக்ஸ் = 2 − ஒய். முட்டுகிற வளைவு மாறினால் துண்டை இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். கீழ்த்துண்டு 1/6, மேல்துண்டு 5/24, கூட்டினால் 3/8. கொடுத்த ஆர்டரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள், நாலு வரியில் அதே 3/8 வரும். இந்தச் சரிபார்ப்பு எல்லா ஆர்டர் மாற்றக் கணக்கிலும் இலவசம், யாரும் செய்வதில்லை.

படம் போடாதவர்களின் விடை 2/3. ஒய் 0 முதல் 2, எக்ஸ் 0 முதல் 2 − ஒய் என்று ஒரே துண்டாக எழுதிவிடுவார்கள். பரவளையத்துக்குக் கீழே இருக்கிற பகுதியும் சேர்ந்து முழு முக்கோணம் ஆகிவிடுகிறது. உங்கள் விடை 2/3 என்றால் எங்கே சறுக்கியது என்று இனி தெரியும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று இருக்கிறது, அதில் விடை சரியாகவே வரும். ஒய் 0 முதல் 1, எக்ஸ் ஒய்² முதல் 2 − ஒய் என்று எழுத்தை மட்டும் இடம் மாற்றி எழுதுவது. விடை 3/8. நண்பனோடு ஒத்துப்பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். உண்மையில் இது வேறு துண்டு, முதல் துண்டின் கண்ணாடிப் பிம்பம். எக்ஸ்ஒய் என்பது எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றினாலும் மாறாத சார்பு என்பதால்தான் விடை தற்செயலாக ஒத்துப்போகிறது. உள்ளே எக்ஸ்² இருந்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். திருத்துகிறவர் லிமிட்டைப் பார்ப்பார், படத்தைப் பார்ப்பார். அங்கே தவறு இருந்தால் கீழே 3/8 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் பயனில்லை.

ஆர்டரை ஏன்தான் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எக்ஸ் 0 முதல் முடிவிலி, ஒய் எக்ஸ் முதல் முடிவிலி, உள்ளே இ-யின் அடுக்கு −ஒய், கீழே ஒய். கொடுத்த ஆர்டரில் உள் இன்டக்ரலை எந்தச் சூத்திரமும் முடித்துத் தராது. ஸ்ட்ரிப்பைப் படுக்க வைத்தால் எக்ஸ் 0 முதல் ஒய் வரை. உள் இன்டக்ரல் ஒய் என்று வந்து கீழே இருக்கிற ஒய்யை அடித்துவிடும். மிச்சம் இ-யின் அடுக்கு −ஒய் மட்டும். விடை 1.

எக்ஸ், ஒய்க்குப் பதில் மையத்திலிருந்து தூரம் ஆர், கோணம் தீட்டா என்று எழுதும் போலார் மாற்றத்தில் எல்லோரும் மறப்பது அந்த ஒரு ஆர். டிஎக்ஸ் டிஒய் என்பது ஆர் டிஆர் டிதீட்டா. மறந்தால் கண்டுபிடிக்க வழி: ஏ ஆரமுள்ள வட்டத்தின் பரப்பை ஆர் இல்லாமல் போட்டுப் பாருங்கள், 2பைஏ வரும். பரப்பு கேட்ட இடத்தில் சுற்றளவு. அலகே ஒத்துவரவில்லை. இ-யின் அடுக்கு −(எக்ஸ்² + ஒய்²) கணக்கில் ஆர் இல்லாமல் இன்டக்ரேட் செய்யவே முடியாது, அதுவே எச்சரிக்கை மணி. எக்ஸும் ஒய்யும் 0 முதல் முடிவிலி என்றால் கால் பங்கு தளம் மட்டும். தீட்டா 0 முதல் பை/2. 2பை வரை போட்டால் பை/4க்குப் பதில் பை வந்து நிற்கும்.

ட்ரிப்பிள் இன்டக்ரலுக்கு ஒரே விதி: வெளியே உள்ள லிமிட் வெறும் எண், நடுவில் உள்ளது வெளி மாறியை மட்டும் கொண்டது, உள்ளே உள்ளது மற்ற இரண்டையும் கொண்டது. எக்ஸ்/ஏ + ஒய்/பி + இசட்/சி = 1 என்ற தளம் வெட்டும் நான்முகியின் கன அளவு ஏபிசி/6. இதில் ஒய்யின் மேல் லிமிட்டை பி(1 − எக்ஸ்/ஏ) என்று எழுதாமல் சும்மா பி என்று எழுதினால் விடை என்ன வரும் தெரியுமா? பூஜ்ஜியம். தளத்துக்குக் கீழே இருக்கிற கன அளவும் எக்ஸ்/ஏ + ஒய்/பி = 1 என்ற கோட்டுக்கு அப்பால் குறையாக வருகிற கன அளவும் சரிக்குச் சரி கழிந்துவிடும். அதை அப்படியே 'கன அளவு = 0' என்று எழுதி அடிக்கோடிட்டு வைக்கிறவர்களும் உண்டு.

கோள ஆயங்களில் இன்னொரு கண்ணி. நம் ஊர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் இசட் அச்சிலிருந்து இறங்கும் கோணம் தீட்டா, சுற்றிவரும் கோணம் ஃபை. ஜேகோபியன் ஆர்² சைன் தீட்டா. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணித வீடியோக்களில் நேர் எதிர்: இறங்குவது ஃபை, சுற்றுவது தீட்டா. வீடியோவின் லிமிட்டையும் நம் புத்தகத்தின் ஜேகோபியனையும் கலந்தால், சைன் தீட்டா 0 முதல் 2பை வரை போய் மறுபடி பூஜ்ஜியம். நோட்டில் முதல் வரியிலேயே 'தீட்டா இசட்டிலிருந்து' என்று எழுதிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இவ்வளவும் எதற்கு என்றால், தினசரிப் பேப்பரிலேயே இருக்கிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்தத் தண்ணீரை இரண்டு விதமாக எண்ணலாம். ஏரிப் பரப்பில் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் அங்குள்ள ஆழத்தைப் பெருக்கிக் கூட்டலாம். அது நிற்கிற தூண்களின் கணக்கு. அல்லது மட்டத்துக்கு மட்டம் அங்குள்ள நீர்ப்பரப்பை அடுக்கிக் கூட்டலாம். அது படுத்த தட்டுகளின் கணக்கு. இரண்டும் ஒரே தண்ணீர், ஆர்டர் மட்டும் வேறு. சராசரி பார்த்தால் அடிக்கு 0.78 டி.எம்.சி. என்று வரும், ஆனால் மேலே போகப் போக நீர்ப்பரப்பு விரிவதால் கடைசி அடி முதல் அடியைவிடப் பல மடங்கு பிடிக்கும். மட்டத்தைப் பொறுத்துக் கொள்ளளவை வகையிட்டால் வருவது அந்த மட்டத்தின் நீர்ப்பரப்பு.

துணைக்கு என்ன வாங்கலாம், எதை விடலாம்? கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டு விற்கிற கொஸ்டின் பேங்க் கேள்வி வகைகளைத் தெரிந்துகொள்ள நல்லது. விடைகளை நம்ப வேண்டாம். நகலுக்கு நகல் எடுத்ததில் அடுக்கு எண்கள் அழிந்துபோய் எக்ஸ்² எக்ஸாகியிருக்கும், படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் லிமிட் இருக்கும். சேலத்தில் அரியர் பேட்ச் நடத்தும் டியூஷன்களுக்குப் பஞ்சமில்லை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதிரி வகுப்பில் உட்காரக் கேளுங்கள், மேலே சொன்ன 3/8 கணக்கைக் கொடுங்கள். சாக்பீஸ் முதலில் அச்சு வரைந்தால் சேரலாம். முதலில் லிமிட் எழுதினால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் பன்மாறி கால்குலஸுக்கு வைத்திருக்கிற 18.02 என்ற வீடியோ வரிசைதான் முதலிடம்: 2007இல் பதிவான 35 வகுப்புகள், கரும்பலகையில், படத்தோடு. மூன்றாம் யூனிட்டுக்கு 8 முதல் 13 வரை. ஐந்தாம் யூனிட்டுக்கு 16, 17, 18, பிறகு 25, 26. குறை என்னவென்றால் ஆய்லர் தேற்றம், இரண்டு மாறி டெய்லர் தொடர் போன்ற நம் பேப்பருக்கே உரிய விஷயங்களுக்கு அதை நம்ப முடியாது. என்.பி.டெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. ரூர்க்கியின் 8 வாரப் பாடம் நம் பாடத்திட்டத்துக்கு இன்னும் பக்கத்தில் வரும். சான்றிதழ் வேண்டுமானால் வாராந்திரப் பயிற்சிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75.

கால்குலேட்டர் கேசியோ 991 எம்எஸ் போதும். இரட்டை இன்டக்ரல் அதில் வராது, ஆனால் உள் இன்டக்ரலைக் கையால் முடித்துவிட்டு வெளி இன்டக்ரலை அதில் போட்டுச் சரிபார்க்கலாம்; நம் கணக்கில் இரண்டு துண்டையும் கூட்டினால் 0.375 காட்டும். சைன், காஸ் வருகிற கணக்கென்றால் முதலில் ரேடியன் மோடுக்கு மாற்றுங்கள். பிசிக்ஸ் லேபுக்காக டிகிரியில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, சரியான விடையைத் தவறென்று நினைத்து அடித்துவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் இருக்கிறார்கள்.

இ.சி.இ., ட்ரிபிள் இ எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் தாளில் டைவர்ஜென்ஸ், கர்ல், ஸ்டோக்ஸ் தேற்றம் போன்ற வெக்டர் கால்குலஸ் விஷயங்கள் எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை போல முதல் வாரத்திலேயே ஓடிவிடும். எம் ஒன்னில் அவை எதுவும் இல்லை. செமஸ்டர் விடுமுறையில் 18.02இன் 12ஆம் வகுப்பிலிருந்து கிரேடியன்ட், 19 முதல் 24 வரை கோட்டு இன்டக்ரலும் கிரீன் தேற்றமும், 27 முதல் 31 வரை டைவர்ஜென்ஸும் ஸ்டோக்ஸும். ஒரு நாளைக்கு ஒன்று வீதம் பார்த்தால் பன்னிரண்டு நாள்.